படிக்கட்டில் வந்த யோசனை

சென்ற ஆடி மாதம் ஒரு நாள் சென்னையிலிருந்து என் பேத்தி போனில் பேசினாள்.

"தாத்தா, எங்க ஆபீஸ்ல பெரியவங்களுக்காக ஒரு மாத்திரை டப்பா டிசைன் பண்றோம். அதுக்கு ஒரு பிரெய்ன்ஸ்டார்மிங் வெச்சிருக்கோம். தினமும் மாத்திரை சாப்பிடறவங்க ஆறு பேர் வேணும். நீங்க வர்றீங்களா?"

சாப்பாடு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். ஒப்புக்கொண்டேன். காலையில் மூன்று, மதியம் ஒன்று, இரவில் நான்கு என்று தினம் எட்டு மாத்திரை விழுங்குகிறவனுக்கு வேறு என்ன தகுதி வேண்டும்?

மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மூளைச்சலவையா? இந்த வயசுல எதுக்குங்க?" என்றார். சலவை இல்லை, மூளைப்புயல் என்றேன். "அது இன்னும் மோசம்" என்றார். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவர் அவர். அந்தச் சொல்லை வைத்துச் சிரிக்க அவருக்கு மனம் வராது.

பிரெஞ்சில் இதற்கு 'ரெம்யூ-மெனேன்ஜ்' என்று ஒரு சொல் இருக்கிறது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வைக் கிளறுவது என்று அர்த்தம். பிரெஞ்சு அகாதெமியில் உறுப்பினராக இருந்த லூயி அர்மான் உண்டாக்கிய சொல் என்பார்கள். இருந்தாலும் பாரிஸ் அலுவலகங்களில் இன்றும் பலர் பிரெய்ன்ஸ்டார்மிங் என்றுதான் பேசுகிறார்கள். எனக்கு இந்தக் 'கிளறுதல்' பிடித்திருக்கிறது. புயல் வந்தால் எல்லாம் விழும். கிளறினால் அடியில் இருப்பது மேலே வரும். கூட்டம் எதற்காக என்பதை இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

குறித்த நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்துப் போனேன். இரண்டாவது மாடியில் குளிரூட்டிய அறை. ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை, மேசை மேல் மஞ்சள், இளஞ்சிவப்பு ஒட்டுத்தாள்கள், முந்திரி பிஸ்கட். இளைஞர்கள் எட்டுப் பேர், நாங்கள் ஆறு பேர். தலைமை தாங்கியவருக்கு 35 வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. எங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"இங்க தப்பான ஐடியான்னு எதுவுமே கிடையாது. யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாம்" என்றார். கேட்கவே சுகமாக இருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்து நொடி போயிருக்கும். "சரி, நான் சும்மா ஆரம்பிச்சு வெக்கிறேன்" என்றார்.

அங்கேதான் கூட்டம் முடிந்தது. அதன்பின் ஒண்ணேகால் மணி நேரம் நாங்கள் உட்கார்ந்திருந்தோம் என்பது வேறு விஷயம்.

அவர் சொன்ன யோசனை இது: டப்பாவில் ப்ளூடூத் இருக்க வேண்டும். மாத்திரை எடுக்காவிட்டால் டப்பா சத்தமிட வேண்டும். அப்படியும் எடுக்காவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ செய்தி போக வேண்டும். மோசமான யோசனை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். விளக்கு எரியலாம், பாட்டுப் பாடலாம், மகளின் குரலில் "அப்பா, மாத்திரை" என்று சொல்லலாம். எங்களில் ஒருவர், ஓய்வு பெற்ற வங்கிக்காரர், பேட்டரி எத்தனை நாள் வரும் என்று கேட்டார். நான்கூட என் பங்குக்கு "மணி அடிச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

இதை வெட்கத்தோடு எழுதுகிறேன். கீச்சென்ற ஓசை எதுவும் எனக்குக் காதில் விழாமல் போய் ஐந்தாறு வருடம் ஆகிறது. வயதானால் முதலில் போவது அந்த உச்ச சத்தம்தான். மைக்ரோவேவ் அடுப்பு நின்றுவிட்டதை என் மனைவி சொன்னால்தான் எனக்குத் தெரியும். அந்த டப்பா நாள் முழுக்கக் கத்தினாலும் நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அதைத்தானே அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை. நல்ல பிள்ளை, ஆசையாகப் பேசுகிறார், நாம் ஏன் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். பேத்தி வேலை பார்க்கும் இடம் வேறு.

கூட்டம் முடிந்தது. லிஃப்டில் கூட்டமாக இருந்ததால் நானும், எங்களோடு வந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை அம்மா ஒருவரும் படியில் இறங்கினோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியவர், நடுவில் நின்றார்.

"சார், அந்த டப்பா மூடி எனக்குத் திறக்கவே வராது. ரெண்டு கட்டைவிரல்லயும் மூட்டுவலி. மருமக காலையில வேலைக்குப் போறப்ப எல்லா மூடியையும் திறந்து வெச்சுட்டுப் போவா. ஒரு நாள் கை பட்டுக் கொட்டிடுச்சு. எது மதியம், எது ராத்திரின்னு தெரியல. அன்னிக்கு ஒண்ணுமே போட்டுக்கல."

"ஏம்மா, இதை மேல சொல்லியிருக்கலாமே?"

"அவங்க போனு, சேட்டிலைட்டுன்னு பேசிட்டு இருக்காங்க. நான் போய் மூடின்னா எப்படி சார்?"

18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் திதெரோவுக்கு இதுபோல் ஒன்று நடந்தது. பெரிய மனிதர் நெக்கேர் வீட்டு விருந்தில் யாரோ ஏதோ சொல்ல, பதில் தெரியாமல் வாயடைத்துப் போனார். படியிறங்கிக் கீழே வந்த பிறகுதான் சரியான பதில் தோன்றியதாம். அதிலிருந்து பிரெஞ்சில் 'எஸ்ப்ரி த லெஸ்காலியே' என்று ஒரு வழக்கு உண்டு, படிக்கட்டு புத்தி. பள்ளியில் எங்கள் முசியே இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். சாமர்த்தியம் தாமதமாக வருகிறவனைக் கேலி செய்வது என்றுதான் அன்று புரிந்தது. இந்த அம்மாவுக்கு யோசனை தாமதமாக வரவில்லை. வீட்டிலிருந்து வரும்போதே அது கூடவே வந்தது. மேலே அதை இறக்கி வைக்க இடம் இல்லாமல், படிக்கட்டில் என்னிடம் இறக்கி வைத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வேறொரு படிக்கட்டு நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

1980களில் நான் யு.டி.சி.யாக இருந்த ஓர் அலுவலகத்தில் (எது என்பது வேண்டாம்) விதவைகள், முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பப் படிவத்தைத் திருத்தி அச்சடிக்க உத்தரவு வந்தது. படிவமும் ஒரு பொருள்தான். அதையும் யாரோ ஒருவர் யோசித்துச் செய்கிறார், யாரோ ஒருவர் கையில் பிடித்து அல்லாடுகிறார். அதற்காகக் கூட்டம் போட்டார்கள். அதிகாரி உட்கார்ந்ததும் சொன்ன முதல் வாக்கியம், "ரெண்டு பக்கத்துக்குள்ள அடங்கணும்." அவ்வளவுதான். எதைக் குறைக்கலாம், எதை நெருக்கலாம் என்று எல்லோரும் போட்டி போட்டார்கள். விரல் ரேகைக்கான கட்டம் பாதியாகச் சுருங்கியது.

எங்கள் அலுவலக வாசலில் பியூன் ஒருவர் இருந்தார். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகளின் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தில் உருட்டி எடுப்பது அவர் வேலை. வேலை என்று யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டது. பழைய கட்டமே போதவில்லை, ரேகை வெளியே வழிகிறது என்று அவர் என்னிடம் டீக்கடையில் ஏற்கனவே சொல்லியிருந்தார். கூட்டம் நடந்தபோது அவரும் அந்த அறையில்தான் இருந்தார், டீ டம்ளர்களோடு. யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வரவேண்டிய சமயம். வாயை மூடிக்கொண்டேன்.

படிவம் அச்சாகி வந்தது. ரேகை பக்கத்துக் கட்டத்து எண்கள் மேல் ஏறியது. 'தெளிவாக இல்லை' என்று பரிசீலனைப் பிரிவிலிருந்து திருப்பினார்கள். பாகூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா இதற்காக மூன்று முறை பஸ் ஏறி வந்தார். மூன்றாவது முறை படியில் உட்கார்ந்து தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "என் கட்டவெரலு பெருசாப் போச்சா சாமி?"

அச்சடித்த கட்டுகள் தீரும்வரை அந்தப் படிவம்தான் ஓடியது.

சரி, மாத்திரை டப்பாவுக்கு வருகிறேன். அன்றிரவே பேத்தியிடம் ஆசிரியை அம்மா சொன்னதையும், என் காது விஷயத்தையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இன்னொரு தடவை வைக்கணும் தாத்தா. எப்படி வெச்சா நீங்கல்லாம் பேசுவீங்க?" என்றாள். யோசித்து எழுதுகிறேன் என்றேன். அவளும் சில கட்டுரைகளை அனுப்பி வைத்தாள். ஒரு வாரம் அதிலேயே போயிற்று.

இந்த முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கர். பி.பி.டி.ஓ. என்ற விளம்பர நிறுவனத்தின் பெயரில் வரும் அந்த 'ஓ' இவர்தான். 1930களின் இறுதியில் தன் அலுவலகத்தில் தொடங்கி, 1953இல் 'அப்ளைடு இமாஜினேஷன்' என்ற புத்தகத்தில் விரிவாக எழுதினார். யோசனைகளை உடனே எடைபோடாதே, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, விபரீத யோசனையும் வரட்டும், அடுத்தவர் யோசனையின் மேல் கட்டு என்று நான்கு விதிகள். கூட்டமாக உட்கார்ந்தால் தனியாக யோசிப்பதைவிட இரண்டு மடங்கு தோன்றும் என்றும் சொன்னார்.

1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைத்து யோசிக்கச் சொன்னார்கள். இன்னொரு பக்கம் நான்கு பேரைத் தனித்தனியாக யோசிக்க வைத்து, பிறகு அவர்கள் சொன்னதைக் கூட்டி, ஒன்றுபோல் வந்ததை ஒன்றாகவே எண்ணிப் பார்த்தார்கள். தனித்தனியாக யோசித்தவர்களிடமிருந்தே ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. ஏன் இப்படி என்பதற்கு 1987இல் ஜெர்மனியில் தீல், ஷ்ட்ரோபே என்ற இருவர் விடை தேடினார்கள். கூச்சம், சோம்பல் இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் மிகச் சாதாரணமானது: ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது நினைத்தது மறந்துபோகிறது, அல்லது இதைப் போய்ச் சொல்வதா என்று தோன்றிவிடுகிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் யாருக்கும் இது தெரியும்.

ஆஸ்போர்னை மட்டும் குறை சொல்ல முடியாது. தனியாக யோசிப்பதற்குக் கூட்டம் ஒரு துணை என்றுதான் அவரும் எழுதினார். கேள்வி குறுகலாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு பிஸ்கட்டையும் ஒட்டுத்தாளையும் மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

படித்துக்கொண்டே வரும்போது 1960களின் இறுதியில் பெர்ன்ட் ரோர்பாஹ் என்ற ஜெர்மானியர் வகுத்த ஒரு முறை கண்ணில் பட்டது. ஆறு பேர். ஐந்து நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் மூன்று யோசனையை ஒரு தாளில் எழுத வேண்டும். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு அதன் கீழே தன் மூன்றை எழுதுவார். இப்படி ஆறு சுற்று. அரை மணியில் 108 யோசனை, ஒரு வார்த்தை பேசாமல்.

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். இது நம்ம ஃபைல் ஐயா!

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு விஷயம் வந்தால் முதலில் நோட் போடுவது அதிகாரி அல்ல, அடியில் இருக்கும் கிளார்க். பச்சைத் தாளில் விவரம், விதி, தன் கருத்து எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவார். அதைப் படித்துவிட்டு சூப்பிரண்டு கீழே எழுதுவார். அப்புறம் அவருக்கு மேலே. எல்லோருக்கும் மேலே இருப்பவர் எல்லாவற்றையும் படித்த பிறகு கடைசியில் எழுதுவார். ராணுவ நீதிமன்றங்களிலும் தரத்தில் மிக இளையவரின் கருத்தைத்தான் முதலில் கேட்பார்கள். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளையவருக்குக் கருத்தே இருக்காது என்று தெரிந்து செய்த ஏற்பாடு. கூட்டம் நடத்துகிறவர்கள் நம்மைப் பார்த்து ஃபைல் ஃபைலாக இழுத்தடிக்கிறவர்கள் என்று கேலி செய்வார்கள். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்த இந்த ஒரு நல்ல குணம் அவர்கள் கூட்டத்தில் இல்லை.

அதற்கும் ஒரு வியாதி உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கிளார்க்கின் நோட் பிடிக்காவிட்டால் அதிகாரி ஓரத்தில் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். கிளார்க் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, நோட்டை மாற்றி எழுதுவார். நானும் எத்தனையோ மாற்றியிருக்கிறேன். அதனால்தான் சீட்டில் பெயர் இருக்கக் கூடாது என்று பேத்திக்கு எழுதினேன்.

இன்னொன்றும் எழுதினேன். எங்கள் பள்ளியில் எந்தக் கட்டுரையானாலும் முதலில் 'புரூயோன்' எழுத வேண்டும். கரட்டு நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கலர் தாளாக இருக்கும். அடிக்கலாம், கிறுக்கலாம், பாதியில் விடலாம். முசியே மேசைகளுக்கு நடுவே நடந்து வருவார், குனிந்து பார்ப்பார், ஆனால் புரூயோன் மேல் சிவப்பு மை படாது. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த பிறகு அவர் போடும் சிவப்புக்குக் குறைவே இருக்காது. இரண்டுக்கும் வெவ்வேறு தாள், வெவ்வேறு நேரம். ஆஸ்போர்னின் முதல் விதிக்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

விமர்சனமே கூடாது என்பது வேறு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2004இல் பெர்க்லியைச் சேர்ந்த சார்லன் நெமெத்தும் பிரெஞ்சுக்காரர்கள் சிலரும் சேர்ந்து அமெரிக்காவிலும் பிரான்சிலும் செய்த ஆய்வில், ஒருவரையொருவர் மறுத்து வாதாடுங்கள் என்று சொல்லப்பட்ட குழுக்கள், மறுக்கவே கூடாது என்று சொல்லப்பட்ட குழுக்களைவிட அதிக யோசனைகளைத் தந்தன. எனக்கு ஆச்சரியமாக இல்லை. சமமானவர்கள் சண்டை போட்டால் ஏதாவது பிறக்கும். நம் ஊர்க் கூட்டங்களைக் கெடுப்பது விமர்சனம் அல்ல, நாற்காலி. சம்பளம் கொடுப்பவர் "இது சரியா வருமா?" என்று கேட்டால் அது கேள்வி அல்ல, உத்தரவு. சக ஊழியர் அதே வார்த்தையைக் கேட்டால் அது உண்மையான கேள்வி.

என் கடிதத்தைப் பேத்தி அந்தத் தலைவரிடமே காட்டிவிட்டாள். எனக்கு வேர்த்துவிட்டது. அவரே எனக்குப் போன் செய்தார். "நான் பேசலைன்னா யாருமே ஆரம்பிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் சார். அமைதியா இருந்தா எனக்கு பயமா இருக்கும்" என்றார். இதை ஒரு தலைவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

இரண்டாவது கூட்டம் புரட்டாசியில் நடந்தது. ஒவ்வொருவரும் வீட்டில் மாத்திரை வைத்திருக்கும் பாத்திரத்தை அப்படியே கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. எதுவும் பேசுவதற்கு முன் எல்லாம் மேசை மேல் வந்தன. ஓர் அம்மா அஞ்சறைப் பெட்டி கொண்டுவந்திருந்தார். சீரகம் இருக்க வேண்டிய கிண்ணத்தில் ரத்த அழுத்த மாத்திரை. வங்கிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். மாத்திரை சாப்பிடுவது வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாதாம், அதனால் டப்பாவே வேண்டாமாம். நான் ரப்பர் பேண்ட் போட்ட பட்டைகள், ஒவ்வொன்றிலும் பேனாவால் 'கா', 'ம', 'ரா'. எங்களில் யாருமே கடையில் விற்கும் ஏழு நாள் டப்பாவை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கத்தரித்துக் கொடுக்கும் மாத்திரையை ஃபாயிலோடு போட்டால் அந்தக் குழியில் அடங்குவதே இல்லை. பிரித்துப் போட்டால் சில மாத்திரைகள் நம்ம ஊர் ஈரத்துக்குப் பிசுபிசுத்துவிடும். எட்டு இளைஞர்களும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அரை மணி அவர்கள் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1999இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்திடம் கடைத் தள்ளுவண்டியை ஐந்து நாளில் புதிதாகச் செய்துகாட்டச் சொன்னது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சுவரெல்லாம் காகிதம் ஒட்டியதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். அவர்கள் முதலில் கடைகளுக்குப் போய், வண்டியைத் தள்ளுகிறவர்களையும் பழுது பார்க்கிறவர்களையும் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தெரியாத விஷயத்தைப் பற்றி எத்தனை பேர் கூடி யோசித்தாலும் தெரியாததுதான் பெருகும்.

கேள்வியையும் மாற்றினார்கள். முதல் கூட்டத்தில் 'மாத்திரை டப்பாவை எப்படி மேம்படுத்தலாம்?' என்று இருந்தது. இப்போது பலகையில் எழுதியது இது: 'ராத்திரி, கண்ணாடி போடாமல், வீட்டில் தனியாக இருக்கும்போது ஒரு மாத்திரையைத் தப்பில்லாமல் எடுக்க எது தடை?' தலைவர் அறையில் இல்லை. பத்து நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதினோம். தமிழில் எழுதலாம். கை நடுங்கும் ஒருவருக்கு வெளியே ஒரு பெண் உட்கார்ந்து அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொடுத்தாள். இந்த 'சொன்னபடியே' முக்கியம். முதல் கூட்டத்தில் நாங்கள் பேசிய ஒன்றிரண்டும் பலகையில் ஆங்கிலமாக மாறி, 'அக்சசிபிலிட்டி' என்று ஆகிவிட்டிருந்தன. மூடி வரல என்பதில் இருக்கும் கட்டைவிரல் வலி அதில் இல்லை. மினிட்ஸ் எழுதியே காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இது உறுத்தும்.

சீட்டுகளைக் குலுக்கி, சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண்ணை விட்டுப் படிக்கச் சொன்னார்கள். எழுபது சீட்டுக்கு மேல் இருக்கும். பாதி உதவாது. என்னுடையதில் ஒன்று கிழமைகளைப் பற்றி. ஆங்கில டப்பாவில் இரண்டு 'டி', இரண்டு 'எஸ்'. பிரெஞ்சிலும் செவ்வாய்க்கும் புதனுக்கும் ஒரே 'எம்'. தமிழில் போடுங்கள் என்று பெருமையாக எழுதியிருந்தேன். வியாழனின் 'வி'யும் வெள்ளியின் 'வெ'யும் கண்ணாடி இல்லாமல் ஒன்றுதான் என்று வேறு யாரோ அடுத்த சுற்றில் அதன் கீழே எழுதிவிட்டார்கள். சரியான பதில், ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நிறம் கொடுக்கலாம் என்ற சீட்டின் கீழே, நீலமும் பச்சையும் எனக்கு ஒரே மாதிரி தெரியுது என்று இன்னொரு கையெழுத்து.

அன்று கிடைத்ததில் பெரியது என்று நான் நினைப்பது, சீட்டுகளைப் படித்த அந்தப் புதுப் பெண்ணே எழுதியதுதான் (பிறகுதான் தெரிந்தது). 'டப்பாவை நிரப்புறவங்க வேற, சாப்பிடுறவங்க வேற. நாம யாருக்குச் செய்யறோம்?' என்று எழுதியிருந்தாள். உண்மைதானே. என் மாத்திரையை எடுத்து வைப்பது மனைவி. ஆசிரியை அம்மாவுக்கு மருமகள். ஞாயிற்றுக்கிழமை இரவில் அரைத் தூக்கத்தில் இருபத்தெட்டுக் குழியை நிரப்புகிறவரை அதுவரை யாருமே நினைக்கவில்லை.

அன்றே எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று நாள் இடைவெளி விட்டார்கள். அதற்குள் தோன்றுவதை வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம் என்றார்கள். பேத்தி அதற்கு 'படிக்கட்டு' என்றே பெயர் வைத்துவிட்டாள். ஏழு வந்தன. ஆசிரியை அம்மா அனுப்பியது ஒன்று: "அந்தக் காலத்துல பிள்ளைங்க மரத்துல பென்சில் டப்பா கொண்டு வருவாங்களே, மேல் பலகையைத் தள்ளித் திறக்கறது. அதுக்கு நகம் வேணாம், பெருவிரல் பலம் வேணாம், உள்ளங்கையாலயே தள்ளலாம்."

நான்காம் நாள் சிவப்பு மை. ஆளுக்கு மூன்று பொட்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும், தலைவர் கடைசியில். ப்ளூடூத்துக்கு இரண்டு பொட்டு விழுந்தது. அவர் முகம் கொஞ்சம் வாடியதை மறுப்பதற்கில்லை. ஆனால் தன் மூன்று பொட்டில் இரண்டைத் தள்ளும் மூடிக்கு ஒட்டினார். எதை யார் எந்தத் தேதிக்குள் செய்வது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதைக் கேட்டு வாங்கியது நான்தான். பழக்கம் விடுமா?

மாதிரி டப்பா போன வாரம் கூரியரில் வந்தது. குழி பெரிதாக இருக்கிறது, ஃபாயிலோடு போட முடிகிறது. ஆசிரியை அம்மாவுக்கும் ஒன்று போயிருக்கிறது. நேற்றுப் போனில் பேசினார்.

"நல்லா திறக்குது சார். ஆனா கைப்பைக்குள்ள போட்டா தானா நகர்ந்துடுது. நேத்து கோயிலுக்குப் போயிட்டு வந்து பார்த்தா, பை பூரா மாத்திரை, விபூதியோட."

"சொல்லிட்டீங்களா?"

"அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

வருகிற வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை எல்லோரும் தினமும் வெளியே எடுத்துப் போகும் பையை, உள்ளே இருப்பதை எடுத்துவிடாமல், அப்படியே கொண்டுவர வேண்டுமாம். என் மனைவியும் வருகிறேன் என்கிறாள்.